‘இங்கே படம் எடுக்கக் கூடாது’ என்று சொல்வது யார்?

ஓவியக்கூடங்களின் வாசலில் கேமராவின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை ஒன்று மாட்டியிருப்பார்கள். காரணம் எழுதியிருக்காது. காவலரைக் கேட்டால் ‘ஃபிளாஷ் பட்டா ஓவியம் கெட்டுப்போகும்’ என்பார், இல்லாவிட்டால் ‘காப்புரிமைப் பிரச்சினை’ என்பார். இரண்டுமே சில இடங்களில் உண்மை. பல இடங்களில் இரண்டுமே காரணம் அல்ல.

அந்தப் பலகையை மாட்டச் சொன்னவர் கட்டடத்தின் சொந்தக்காரராக இருக்கலாம். உயிரோடிருக்கும் கலைஞராகவோ இறந்துபோன கலைஞரின் வாரிசாகவோ இருக்கலாம். கண்காட்சிக்குப் படைப்பை இரவல் கொடுத்த சேகரிப்பாளர், ஓவியத்தின் ஆயுளைப் பற்றிக் கவலைப்படும் பாதுகாப்பு வல்லுநர், கூட்டத்தைச் சமாளிக்க முடியாத நிர்வாகி என்று யாராகவும் இருக்கலாம். இவர்கள் ஒவ்வொருவரின் உரிமையும் வேறு, அதற்குச் சட்டத்தில் இருக்கும் பலமும் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பலகையை மாட்டிவிடுவதால், நியாயமான தடையும் நியாயமில்லாத தடையும் பார்வையாளருக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. இதுதான் எனக்கு உறுத்துகிறது.

முதலில் ஃபிளாஷ். வெளிச்சம் சாயத்தை வெளுக்கச் செய்யும் என்பதில் சந்தேகமில்லை. நீர்வண்ண ஓவியம், சாயம் தோய்த்த துணி, பழைய கையெழுத்துப் பிரதி ஆகியவற்றின் மேல் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அதிகமான வெளிச்சம் விழக் கூடாது என்பது பாதுகாப்பு வல்லுநர்கள் வெகுகாலமாகக் கடைப்பிடிக்கும் கணக்கு. எண்ணெய் ஓவியத்துக்கு 150 முதல் 200 லக்ஸ் வரை விடுவார்கள். ஆனால் கண்ணைக் கூசவைக்கும் பளிச்சிடலால் மட்டும் சேதம் வந்துவிடாது. எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் பெருக்கி வரும் தொகைதான் முக்கியம். சாதாரணக் கேமராவின் ஃபிளாஷ் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே எரிகிறது. ஒரு படம் சரியாக விழுவதற்குத் தேவையான வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், மங்கலான அந்த அறையின் விளக்கே சில நொடிகளில் தந்துவிடும் அளவுதான் வருகிறது. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் அறிவியல் பிரிவில் பணியாற்றிய டேவிட் சாண்டர்ஸ் 1990களில் இதை ஆராய்ந்தார். ஃபிளாஷால் வரும் கூடுதல் ஆபத்து, கூடத்தின் அன்றாட வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது என்ற முடிவுக்குத்தான் அந்த ஆராய்ச்சி வழிவிட்டது.

அதற்காக ஃபிளாஷை அனுமதித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்ப்பவரின் கண்ணில் நிமிடத்துக்குப் பத்து முறை வெளிச்சம் அடித்தால் யாருக்குமே ஓவியம் தெரியாது. அஜந்தாவைப் போன்ற இருண்ட குகையில் ஆண்டு முழுக்க வந்துபோகும் கூட்டத்தின் ஃபிளாஷ்களைக் கூட்டினால் தொகை பெரிதாகிவிடும் என்ற எச்சரிக்கையும் சரியானதே. ஆனால் இந்தக் காரணம் ஃபிளாஷைத் தடுக்க மட்டுமே போதும். ஃபிளாஷ் இல்லாமல் கைபேசியில் எடுக்கும் படம் ஓவியத்துக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. கல்லையும் வெண்கலத்தையும் ஃபிளாஷ் ஒன்றும் செய்யாது. சிற்பக்கூடத்தில் ஒருவர் ஃபிளாஷைக் காரணம் காட்டினால், உண்மையான காரணம் வேறு எங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சில இடங்களில் அந்த உண்மையான காரணம் ஒரு பழைய ஒப்பந்தம். வத்திக்கான் அருங்காட்சியகங்களின் பெரும்பாலான கூடங்களில் படம் எடுக்கலாம். சிஸ்டைன் தேவாலயத்துக்குள் நுழைந்ததும் எடுக்க முடியாது. 1980இல் மைக்கேலாஞ்சலோவின் கூரை ஓவியங்களைச் சுத்தம்செய்து மீட்கும் பணி தொடங்கியபோது, ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி அதற்குப் பணம் கொடுத்தது. 30 லட்சம் டாலரில் தொடங்கிப் பின்னர் 42 லட்சம் வரை போனது அந்தத் தொகை. பதிலுக்கு, மீட்கப்பட்ட ஓவியங்களைப் படமெடுக்கும் தனியுரிமை அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு மூன்று ஆண்டுகள் வரைதான் அந்த உரிமை. 1994இல் ‘இறுதித் தீர்ப்பு’ சுவரோவியத்தின் பணி முடிந்தது. 1997இல் எல்லா உரிமையும் காலாவதியாகிவிட்டது. தடை மட்டும் இன்றும் இருக்கிறது. அது ஒரு வழிபாட்டு இடம், கூட்டமும் நெருக்கியடிக்கிறது, ஆகவே தடைக்கு வேறு நியாயங்கள் உண்டு என்று சொல்லலாம். அப்படியானால் அந்த நியாயத்தையே எழுதிவைக்கலாமே.

காப்புரிமைக்கு வருவோம். இதில் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு, அது பலருக்கும் தெரிவதில்லை. பல நாடுகளின் சட்டம், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று சொல்கிறது. தெருவில் நடப்பவர் ஒவ்வொரு முறையும் கேமராவை எடுக்கும்போது பின்னணியில் எந்தச் சிலை வருகிறது, அதை வடித்தவர் யார், அவர் இறந்து எத்தனை ஆண்டாகிறது என்று விசாரித்துக்கொண்டிருக்க முடியாது என்ற நடைமுறை அறிவுதான் இதன் அடிப்படை.

பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் இதில் தாராளமானது. அதன் 62ஆவது பிரிவு, பொது இடத்திலோ பொதுமக்கள் நுழையக்கூடிய வளாகத்திலோ நிரந்தரமாக வைக்கப்பட்ட சிற்பத்தைப் படமெடுத்து விற்றால்கூடக் காப்புரிமை மீறல் ஆகாது என்கிறது. ஆனால் ‘நிரந்தரமாக’ என்ற நிபந்தனை சிற்பப் பூங்காக்களில் பெரிய சிக்கலைக் கொண்டுவருகிறது. 1977இல் தொடங்கிய யார்க்ஷயர் சிற்பப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹென்றி மூர், பார்பரா ஹெப்வொர்த் போன்றவர்களின் படைப்புகள் அங்கே புல்வெளியில், ஆடுகள் மேயும் சரிவுகளில் நிற்கின்றன. இத்தகைய பூங்காக்களில் நிற்பவை எல்லாம் அவற்றின் சொந்தப் படைப்புகள் அல்ல. பல இரவலாக வந்தவை, சில ஒரு பருவத்துக் கண்காட்சிக்காக மட்டும் வந்தவை. ஒரே புல்வெளியில் பத்தடி இடைவெளியில் நிற்கும் இரண்டு வெண்கலங்களில் ஒன்றின் படத்தை அஞ்சலட்டையாக அச்சிடலாம், இன்னொன்றை அச்சிட்டால் வழக்கு வரலாம். பார்ப்பவருக்கு இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுங்கள், வணிகத்துக்கு என்றால் கேளுங்கள் என்று சிற்பப் பூங்காக்கள் பொதுவாக ஒரே விதி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த விதியை நான் ஏற்கிறேன். அது தெளிவாக இருக்கிறது, யாரையும் மிரட்டவில்லை.

இந்த ‘நிரந்தரம்’ என்பதை ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2002இல் சோதித்துப் பார்த்தது. 1995 கோடையில் கிறிஸ்டோவும் ழான்-கிளாடும் பெர்லினின் நாடாளுமன்றக் கட்டடம் முழுவதையும் வெள்ளித் துணியால் மூடிக் கயிறு கட்டினார்கள். இரண்டு வாரம் அப்படியே இருந்தது. லட்சக்கணக்கான மக்கள் வந்து பார்த்தார்கள், படமெடுத்தார்கள். அந்தப் படத்தை அஞ்சலட்டையாக்கி விற்றவர்கள் மேல் கலைஞர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இரண்டு வாரம் மட்டுமே இருந்த படைப்பு நிரந்தரமானதல்ல, ஆகவே பொது இடச் சலுகை இதற்குப் பொருந்தாது என்று தீர்ப்பாயிற்று. கிறிஸ்டோ அரசின் பணத்தையோ நன்கொடையையோ வாங்காமல், தன் வரைபடங்களை விற்றே இத்தகைய பெரும் வேலைகளுக்குப் பணம் திரட்டியவர். அதை நினைத்தால் அந்தத் தீர்ப்பில் எனக்கு நியாயம் தெரிகிறது.

அமெரிக்காவின் நிலை பிரிட்டனுக்கு நேர் எதிர். அங்கே கட்டடங்களுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை, சிற்பங்களுக்குக் கிடையாது. இதன் விளைவு என்ன என்பதை ஒரு தபால்தலையின் கதை காட்டுகிறது, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

வாஷிங்டனில் கொரியப் போர் வீரர்களுக்கான நினைவிடம் 1995இல் திறக்கப்பட்டது. துருப்பிடிக்காத எஃகில் வார்த்த 19 வீரர்கள், ஆள் உயரத்தை மிஞ்சிய உருவங்கள், மழையங்கி போர்த்தியபடி புதர்களுக்கிடையே வரிசையாக நடந்துபோகிறார்கள். வடித்தவர் ஃபிராங்க் கேலார்ட். 1996 ஜனவரியில் பனிப்புயல் அடித்து ஓய்ந்த ஒரு நாளில், ஜான் அலி என்ற, மரைன் படையின் முன்னாள் வீரர் அங்கே போய்ப் படமெடுத்தார். வீரர்களின் தோளிலும் தலைக்கவசத்திலும் பனி படிந்திருக்க, சுற்றிலும் வெண்மை. அந்தப் படம் அமெரிக்க அஞ்சல் துறைக்குப் பிடித்துப்போனது. கொரியப் போர் நிறுத்தத்தின் ஐம்பதாவது ஆண்டையொட்டி 2003இல் 37 சென்ட் தபால்தலையாக வெளியிட்டார்கள். அதில் 19 வீரர்களில் 14 பேர் தெரிகிறார்கள். படமெடுத்தவருக்கு 1,500 டாலர் கொடுத்தார்கள். சிற்பியிடம் யாரும் கேட்கவில்லை.

2006இல் கேலார்ட் அரசின் மேலேயே வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றம் இதை நியாயமான பயன்பாடு என்றது. பனியும் வெளிச்சமும் சேர்ந்து படத்தை வேறொரு படைப்பாக மாற்றிவிட்டன என்பது அதன் பார்வை. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்தது. பனி பெய்ததால் சிற்பத்தின் நோக்கம் மாறிவிடவில்லை, தபால்தலையும் நினைவிடத்தைப் போலவே வீரர்களை நினைவுகூரத்தான் செய்கிறது என்றது. இழப்பீடு முதலில் 5,000 டாலர் என்று முடிவாகி, மறுபடி மேல்முறையீடு போய், 2013இல் சுமார் 6,85,000 டாலராக நிர்ணயிக்கப்பட்டு, 2015இல் உறுதியானது. மக்களுக்காகத் தலைநகரின் நடுவில் எழுப்பிய நினைவிடம், அதன் படத்தை அந்த மக்களின் அஞ்சல் துறையே பயன்படுத்த முடியவில்லை என்ற ஆதங்கம் பலருக்கு இருந்தது. 2010 தீர்ப்பில் மாறுபட்ட நீதிபதியும் அதைத்தான் சொன்னார். எனக்கோ, சிலையை ஒப்பந்தம் போட்டு வாங்கியபோதே அரசு காப்புரிமையையும் எழுதி வாங்கியிருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. அதைச் செய்யாத பழியைச் சிற்பியின் தலையில் கட்ட முடியாது. அஞ்சல் துறை இதிலிருந்து பாடம் கற்கவில்லை. 2010இல் சுதந்திர தேவி சிலை என்று நினைத்து லாஸ் வேகாஸில் ஒரு விடுதி வாசலில் நிற்கும் பிரதியின் படத்தைத் தபால்தலையில் போட்டுவிட்டது. அதை வடித்த சிற்பிக்கு 2018இல் 35 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க உத்தரவானது.

சிகாகோவில் அனிஷ் கபூர் வடித்த ‘கிளவுட் கேட்’ சிற்பத்துக்கும் இதே சட்டம்தான். மில்லெனியம் பூங்கா திறந்த தொடக்க ஆண்டுகளில், முக்காலியும் பெரிய கேமராவுமாக வந்தவர்களைக் காவலர்கள் நிறுத்தி அனுமதிச் சீட்டு கேட்டார்கள். 2005இல் இது பெரிய சர்ச்சையானது. மெருகேற்றிய உலோகத்தில் நகரமே பிரதிபலிக்கும் ஒரு பொருளை நகரின் நடுவில் வைத்துவிட்டு, படமெடுக்காதே என்று தடுப்பதை மக்கள் ஏற்கவில்லை. இன்று உலகிலேயே அதிகம் படமெடுக்கப்படும் சிற்பங்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் கபூரின் உரிமை அப்படியே இருக்கிறது. துப்பாக்கி வைத்திருப்போருக்கு ஆதரவான தேசிய ரைபிள் சங்கம் தன் பிரசார வீடியோவில் அந்தச் சிற்பத்தைக் காட்டியபோது அவர் 2018இல் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அந்தக் காட்சி நீக்கப்பட்டது. தன் படைப்பு எந்தக் கொள்கைக்குத் துணைபோக வேண்டும் என்று சொல்ல ஒரு கலைஞருக்கு உரிமை வேண்டும் அல்லவா? காப்புரிமையை வெறும் பண விவகாரமாகப் பார்ப்பவர்கள் இந்த வழக்கைக் கவனிக்க வேண்டும்.

வாரிசுகளின் கைக்கு உரிமை போகும்போது நிலைமை மாறிவிடுகிறது. கோபன்ஹேகன் துறைமுகத்தில் ஒரு பாறைமேல் அமர்ந்திருக்கும் கடற்கன்னிச் சிலை, ஒன்றேகால் மீட்டர் உயர வெண்கலம், 1913இல் வைக்கப்பட்டது. வடித்த எட்வர்ட் எரிக்சன் 1959இல் இறந்தார். ஆகவே 2029 முடியும்வரை உரிமை குடும்பத்திடம். டென்மார்க் சட்டப்படி பொது இடச் சிலையைப் படமெடுக்கலாம், ஆனால் சிலையே படத்தின் முக்கியப் பொருளாக இருந்து அதை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் அனுமதி வேண்டும். பெர்லிங்ஸ்கே நாளிதழ் 2019இல் அந்தக் கடற்கன்னிக்குப் பிண முகம் வைத்து ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டது. பிறகு கொரோனா காலத்தில் முகக்கவசம் போட்ட படத்தையும் வெளியிட்டது. கீழ் நீதிமன்றங்கள் சுமார் மூன்று லட்சம் குரோன் கட்டச் சொன்னன. 2023இல் டென்மார்க் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து, கருத்துச் சுதந்திரத்துக்கு இடம் கொடுத்தது. நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்ட ஒரு சிலையை அரசியல் கேலிக்குக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்றால் அது அளவு மீறிய உரிமை. அந்தத் தீர்ப்பு வந்தது நல்லதே.

பக்கத்து நாடான நார்வேயிலும் விதி கிட்டத்தட்ட இதுதான். ஆஸ்லோவில் குஸ்தாவ் விகெலாண்டின் சிற்பப் பூங்காவில் எப்போதும் கூட்டம். 1943இல் அவர் இறந்தார், எழுபது ஆண்டு கழிந்து 2014 முதல் அந்தச் சிற்பங்கள் அனைவருக்கும் பொதுவாயின. அதற்கு முன் அவற்றை அஞ்சலட்டையாக விற்க அனுமதி தேவைப்பட்டது. இப்போது தேவையில்லை. சுவீடனிலோ உச்ச நீதிமன்றம் 2016இல், பொது இடச் சிலைகளின் படங்களைத் தனித்தனியாக எடுக்கலாம், அவற்றைத் தொகுத்து இணையத்தில் திறந்த தரவுத்தளமாக வைப்பது சலுகைக்குள் வராது என்று சொன்னது. பிரான்ஸ் 2016இல்தான், அதுவும் தனிநபர்களின் லாப நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும், கதவைக் கொஞ்சம் திறந்தது.

இதுவரை சொன்னவை உயிரோடிருக்கும், அல்லது அண்மையில் இறந்த கலைஞர்களைப் பற்றியவை. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன பழைய படைப்புகளின் மேல் விதிக்கப்படும் தடைகளைத்தான் நான் அதிகம் எதிர்க்கிறேன். ஐந்நூறு ஆண்டுப் பழைய ஓவியத்தில் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. அப்படியானால் அருங்காட்சியகம் எந்த உரிமையில் தடுக்கிறது? கட்டடம் தன்னுடையது என்ற உரிமையில். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே நீங்கள் அதன் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் உள்ள ரைஸ்-எங்கெல்ஹார்ன் அருங்காட்சியகம், விக்கிமீடியாவில் தன் பழைய ஓவியங்களின் படங்களை ஏற்றியவர் மேல் வழக்குப் போட்டது. இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் உருவப்படமும் அவற்றில் இருந்தது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அருங்காட்சியகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அருங்காட்சியகத்தின் வெளியீட்டிலிருந்து நகலெடுத்த படங்களுக்குப் புகைப்படக்காரரின் உரிமை உண்டு, கூடத்தில் தானே எடுத்த படங்கள் நுழைவு ஒப்பந்தத்தை மீறியவை என்றது.

இதில் முதல் பாதியை ஐரோப்பிய ஒன்றியம் அடுத்த ஆண்டே மாற்றிவிட்டது. 2019ஆம் ஆண்டின் காப்புரிமை நெறிமுறையின் 14ஆவது பிரிவு, உரிமைக்காலம் முடிந்த காட்சிக்கலைப் படைப்பின் அப்பட்டமான நகலுக்குப் புதிய உரிமை எதுவும் உருவாகாது என்கிறது. அமெரிக்காவில் 1999இலேயே பிரிட்ஜ்மேன் வழக்கில் இதே முடிவு வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது பாதி, வாசலில் போடும் ஒப்பந்தம், அப்படியே நிற்கிறது. ஆக, படத்தின் மேல் உரிமை இல்லை, படமெடுக்கும் வழியை மட்டும் அடைத்துவைக்கலாம் என்ற நிலை. கடையில் அஞ்சலட்டையும் படத்தொகுப்பும் விற்றுத்தான் செலவைச் சமாளிக்கிறோம் என்று சிறிய அருங்காட்சியகங்கள் சொல்லும்போது அந்தக் கஷ்டம் புரிகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமோ தன் சேகரிப்பின் உயர்தரப் படங்களை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. பார்வையாளர் வருகை அதனால் குறைந்துவிடவில்லை.

இத்தாலி வேறொரு பாதையில் போகிறது. 2014இல் அரசு அருங்காட்சியகங்களில் சொந்தப் பயன்பாட்டுக்குப் படமெடுக்க எல்லோரையும் அனுமதித்தது. ஆனால் வணிகம் என்று வந்தால், காப்புரிமை முடிந்து நூற்றாண்டுகள் ஆனாலும், 2004ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி அனுமதியும் கட்டணமும் கேட்கிறது. மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையோடு ஒரு மாடலின் உருவத்தைக் கலந்து அட்டைப்படம் போட்ட பத்திரிகை நிறுவனத்துக்கு 2023இல் ஃபிளாரன்ஸ் நீதிமன்றம் 50,000 யூரோ விதித்தது. லியனார்டோவின் விட்ருவிய மனிதன் ஓவியத்தைப் புதிர்ப் படமாக விற்ற ஜெர்மன் நிறுவனத்தை வெனிஸ் நீதிமன்றம் தடுத்தது. 2024இல் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம், இத்தாலியச் சட்டம் இத்தாலிக்கு வெளியே செல்லாது என்று சொல்லிவிட்டது.

சட்டத்தைத் தாண்டி, கலைஞரே வேண்டாம் என்று சொல்லும் சில இடங்கள் உண்டு. அவற்றை நான் முழு மனதோடு மதிக்கிறேன். நியூ மெக்சிகோவின் வறண்ட சமவெளியில் வால்டர் டி மரியா 1977இல் 400 எஃகுக் கம்பங்களை நட்டார். ஒரு பக்கம் ஒரு மைல், மறுபக்கம் ஒரு கிலோமீட்டர். அங்கே போக முன்பதிவு வேண்டும். ஒரு சமயத்தில் ஆறு பேர் வரைதான் போக முடியும், ஒரு மரக்குடிலில் ஓர் இரவு தங்க வேண்டும், படமெடுக்கக் கூடாது. நண்பகலில் கம்பங்கள் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. காலையிலும் மாலையிலும் சாய்வெயில் பட்டதும் ஒவ்வொன்றாகத் துலங்கிவரும். மெதுவாக நடந்து, காத்திருந்து பார்க்க வேண்டிய படைப்பு அது. கேமரா அந்தக் காத்திருப்பைக் கெடுத்துவிடும். ஜப்பானின் நவோஷிமா தீவில் தடாவோ ஆண்டோ வடிவமைத்த சிச்சு அருங்காட்சியகத்துக்குள்ளும் கேமரா கூடாது. அதே தீவின் கடற்கரையில் யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணிக்காயை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எங்கே கூடாது, எங்கே கூடும் என்பதை இப்படி யோசித்துப் பிரித்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கூட்டம் இன்னொரு காரணம், அண்மைக்காலத்தில் வலுத்துவரும் காரணம். 2020இல் இத்தாலியின் பொஸான்யோவில் கனோவாவின் சுதைச் சிற்பத்தின்மேல் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்ட ஒரு பயணி அதன் கால்விரல்களை உடைத்தார். 2025 ஜூனில் ஃபிளாரன்ஸின் உஃபிஸி கூடத்தில், ஓவியத்திலிருந்த இளவரசரைப் போலவே நின்று காட்ட முயன்ற ஒருவர் பின்னால் சாய்ந்து அந்த ஓவியத்தையே கிழித்துவிட்டார். இவை படமெடுப்பதன் தவறு அல்ல, தன்னையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் வேகத்தின் தவறு. செல்ஃபிக் குச்சியைத் தடைசெய்த அருங்காட்சியகங்கள் சரியான இடத்தில்தான் கோடு போட்டன.

மொத்தத்தில் தடைகள் தளர்ந்துதான் வருகின்றன. லண்டன் தேசிய ஓவியக்கூடம் 2014இல் அனுமதித்தது. ஓவியத்தைப் பற்றிப் படிக்கக் கைபேசியை எடுப்பவர் யார், படமெடுக்க எடுப்பவர் யார் என்று காவலர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்பதும் ஒரு காரணம். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் தடை இருந்தபோதே, 2015இல் பிரான்ஸின் பண்பாட்டு அமைச்சர் அங்கே ஒரு கண்காட்சியில் எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டார். சில நாட்களில் தடை போயிற்று. மாட்ரிட்டில் பிக்காசோவின் ‘குவெர்னிகா’வைப் பல பத்தாண்டுகள் யாரும் படமெடுக்க முடியவில்லை, 2023 செப்டம்பர் முதல் எடுக்கலாம். அதே நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இன்னும் முடியாது.

நம் நாட்டுச் சட்டம் இதில் எவ்வளவு தாராளமானது என்பது நமக்கே தெரியாது. 1957ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பொது இடத்திலோ பொதுமக்கள் போகக்கூடிய வளாகத்திலோ நிரந்தரமாக உள்ள சிற்பத்தைப் படமெடுப்பதையும் அந்தப் படத்தை வெளியிடுவதையும் அனுமதிக்கிறது. மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் படமெடுத்துப் புத்தக அட்டையில் போட, அதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் வாரிசுகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. வாஷிங்டனில் நடந்தது சென்னையில் நடக்காது. ஓவியங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மத்திய அரசின் தொல்லியல் துறை 2018 ஜூலையில் தன் பொறுப்பிலுள்ள நினைவுச்சின்னங்களில் படமெடுக்க அனுமதித்தது. அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறை மண்டபம் ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு. முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியிலிருந்து 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களைப் பார்க்கவே பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. அந்தக் குறுகிய, காற்றோட்டமில்லாத இடத்தில் மூச்சுக்காற்றின் ஈரமே சுவரைக் கெடுக்கும். ஆகவே அங்கே தடை சரி. ஆனால் அதனாலேயே அவற்றின் நல்ல படங்கள் எல்லோருக்கும் கிடைக்கும்படி செய்யும் கடமை அரசுக்குக் கூடுகிறது.

தமிழ்நாட்டில் படமெடுப்பதற்கு அழகு, நினைவு, வணிகம் ஆகியவற்றைத் தாண்டிய ஒரு பயன் உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் ஊர் ஊராகப் போய்க் கோயில் சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் படமெடுத்துச் சேர்த்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் திருடுபோய், நியூயார்க்கில் ஒரு கலைப்பொருள் வணிகர் வழியாக, 2008இல் 50 லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே இருப்பது நம் நடராஜர்தான் என்று நிறுவ உதவியது அந்த நிறுவனத்தின் பழைய படம். வார்ப்புச் சிற்பங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. மெழுகில் செய்து, மண் பூசி, உருக்கி ஊற்றி, அச்சை உடைத்து எடுப்பதால் ஒவ்வொன்றும் தனி. திருவாசியின் வளைவு, சடையின் விரிப்பு, பீடத்தின் தேய்மானம் என்று படத்தையும் சிலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஐயமே இருக்காது. 2014இல் நடராஜர் திரும்பி வந்தார். அந்தப் படம் மட்டும் இல்லாதிருந்தால், திருடுபோன சிலை எது என்று காட்டவே திண்டாடியிருப்போம்.

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது. வழிபாட்டின் அமைதிக்காக அந்த உத்தரவு. சன்னிதி முன் கைபேசியைத் தூக்கிப் பிடிப்பவர்களால் கும்பிட வந்தவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் அதை எதிர்க்க மனம் வராது. ஆனால் பக்தர் கையிலிருந்து கேமராவை வாங்கிவைத்தால், அந்தப் பதிவு வேலையை அறநிலையத் துறைதான் எடுத்துச் செய்ய வேண்டும். ஒவ்வொரு திருமேனியையும் முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் பீடத்தோடும் படமெடுத்து, அளவு குறித்து, அந்தப் பதிவை ஆய்வாளர்களும் ஊர்க்காரர்களும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பூட்டிய அறையில் படமே இல்லாமல் இருக்கும் ஒரு சிலை காணாமல் போனால், அது நம்முடையது என்று எந்த நாட்டு நீதிமன்றத்திலும் நிரூபிப்பது கடினம்.